பெட்டியின் மேல் எழுதிய எண்

மாமா வீட்டுப் பரணில் ஒரு கறுப்பு டிரங்குப் பெட்டி இருக்கிறது. இதில் அதிசயம் ஒன்றுமில்லை. வேலூருக்குத் தெற்கே கணியம்பாடி, கண்ணமங்கலம் பக்கம் வந்தால் இப்படியொரு பெட்டி இல்லாத வீட்டைத்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். உள்ளே கம்பளியோ பழைய பித்தளைப் பாத்திரமோ விதைக்கு எடுத்துவைத்த வேர்க்கடலையோ இருக்கும். மூடியின் மேல் வெள்ளை பெயிண்டில் ஓர் எண்ணும் பெயரும் இருக்கும். மாமாவின் பெட்டியில் உள்ள எண் 'ஐசி' என்று தொடங்குகிறது. அது அதிகாரிகளுக்குக் கொடுக்கும் எண். ஆனால் பெட்டியை வெளிச்சத்தில் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் அதற்கு அடியில் இன்னோர் எண் தெரியும். கறுப்பு பெயிண்ட் பூசி மறைத்தது. வருடங்கள் ஏற ஏற மேல்பூச்சு மெலிந்து, கீழே இருப்பது தலைகாட்டத் தொடங்கிவிட்டது. எழுத்து எதுவும் முன்னால் இல்லாத வெறும் எண், ஜவானின் எண். மாமா பதினெட்டு வயதில் வாங்கியது.

எங்கள் வீட்டில் இருக்கும் அப்பாவின் பெட்டியிலும் இரண்டு எண்கள் உண்டு. அப்பா அழித்து எழுதியது 'ஜேசி' என்று தொடங்கும். ஜவானுக்கு மேலே, அதிகாரிக்குக் கீழே உள்ள சுபேதார் வகையறாவுக்கு உரியது அது. ஜேசிக்கும் ஐசிக்கும் நடுவில் இருப்பது ஓர் எழுத்துதான். அந்த ஓர் எழுத்தைத் தாண்டியவர்கள் எங்கள் பக்கத்தில் எத்தனை பேர் என்று எண்ண ஒரு கை விரல்கள் போதும்.

கம்மவான்பேட்டையைப் பற்றிப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். வீட்டுக்கு வீடு பட்டாளத்தில் ஆள் இருப்பதால் ராணுவப்பேட்டை என்றே அதற்குப் பெயர். எங்கள் ஊர் அவ்வளவு புகழ் பெறவில்லை. குணம் மட்டும் அதே குணம். பெண் பார்க்க வருகிறவர்கள் பையனின் சம்பளத்தைக் கேட்பதற்கு முன் எந்த யூனிட் என்று கேட்பார்கள். பொங்கலுக்கு லீவு கிடைத்தவன் யார், கிடைக்காதவன் யார் என்பது தெருவுக்கே தெரியும். அம்மா வெகு காலம் '56 ஏபிஓ' என்பதை வடக்கே உள்ள ஓர் ஊர் என்று நினைத்திருந்தார். அப்பாவின் கடிதங்கள் எல்லாம் அங்கிருந்துதானே வந்தன! காஷ்மீரில் இருந்தாலும் பஞ்சாபில் இருந்தாலும் பட்டாளத்தானின் தபால் முகவரி அந்த எண்தான் என்று அப்பா விளக்கிய பிறகும், "என்ன ஊரோ, வருடத்துக்கு ஒரு முறைதான் ஆளை விடுகிறது" என்று அதை ஓர் ஊராகவே வைத்துத் திட்டினார்.

இப்படிப்பட்ட ஊர்களில் சுபேதார்களுக்குப் பஞ்சமில்லை. ஆகஸ்ட் 15க்கும் ஜனவரி 26க்கும் ஓய்வுபெறும் நேரத்தில் ஆனரரி லெப்டினன்ட், ஆனரரி கேப்டன் பட்டம் வாங்கி வந்தவர்களும் உண்டு. கர்னல் மட்டும் கிடையாது. தலைமுறை தலைமுறையாக ஆள் அனுப்பும் மண்ணிலிருந்து ஏன் அதிகாரிகள் வரவில்லை என்று சிறுவயதில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. மழை பெய்தால் பாலாற்றில் தண்ணீர் வரும், பெய்யாவிட்டால் வராது என்பதைப்போல அதையும் எடுத்துக்கொண்டிருந்தோம்.

அப்பா மெட்ராஸ் சாப்பர்ஸ்காரர். பெங்களூரில் தலைமையிடம் கொண்ட மெட்ராஸ் இன்ஜினீயர் குரூப், பட்டாளத்துக்குப் பாலமும் பாதையும் போடும் படை. அந்தப் படைக்காரர்களை இந்திய ராணுவம் முழுக்கத் 'தம்பி' என்றுதான் அழைக்கும். பஞ்சாபிகூட அந்தச் சொல்லைத் தமிழிலேயே சொல்வான் என்று அப்பாவுக்குப் பெருமை. சீனப் போர் முடிந்து ஆள் எடுத்த காலத்தில், 1963இல் சேர்ந்து 1991இல் சுபேதாராக வெளியே வந்தார். எங்களை வேலூர்க் கோட்டைக்கு அழைத்துப் போகும்போது அவர் சொல்லும் சரித்திரம் பாடப்புத்தகத்தில் இருப்பது அல்ல. 1806 ஜூலை 10, புதுத் தலைப்பாகை, நெற்றிக்குறிக்கும் தாடிக்கும் கடுக்கனுக்கும் தடை, உள்ளே அடைபட்டிருந்த திப்புவின் பிள்ளைகள், ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு பாய்ந்து வந்த கில்லெஸ்பி... எல்லாவற்றையும் ஒரு மூச்சில் கடந்துவிடுவார். அகழியோரம் நின்று, "அன்றைக்கு நம்மவன் முப்பது வருடம் உழைத்தாலும் சுபேதாரோடு சரி. நேற்றுக் கப்பலில் வந்து இறங்கிய மீசை முளைக்காத வெள்ளைக்காரப் பையனுக்கு அவன் சல்யூட் அடிக்க வேண்டும். தலைப்பாகையெல்லாம் அப்புறம்" என்பார். சரித்திர ஆசிரியர்கள் இதை எந்த அளவுக்கு ஏற்பார்களோ! ஒரு சுபேதார் சொல்லும்போது மறுத்துப் பேசத் தோன்றியதில்லை.

இந்தியர்களுக்கு முழு அதிகாரிப் பதவியின் கதவு திறக்க முதல் உலகப்போர் முடியும் காலம்வரை ஆயிற்று. டேராடூனில் இந்திய ராணுவ அகாடமி வந்தது 1932இல். அதன் பிறகும் அந்தக் கதவு எல்லா வீடுகளையும் பார்த்துத் திறந்துவிடவில்லை. நம் மக்களில் ராணுவத் தலைமைத் தளபதி ஆனவர்களைப் பாருங்கள். ஜெனரல் குமாரமங்கலம் ஜமீன் வாரிசு. தந்தை சுப்பராயன் சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்தவர். மகன் படித்தது இங்கிலாந்தில் ஈட்டன் பள்ளி, அப்புறம் உல்விச் ராணுவ அகாடமி. 1942இல் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பீரங்கிகளோடு நின்று சண்டையிட்டுச் சிறைபிடிக்கப்பட்ட வீரர் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. செங்கல்பட்டில் பிறந்த சுந்தர்ஜி சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். பத்மநாபன் சிறுவயதிலேயே டேராடூன் ராணுவப் பள்ளிக்குப் போனவர். மூவரும் திறமையால் உயர்ந்தவர்கள். மூவரும் ஓர் அதிகாரியாகவே தொடங்கியவர்கள் என்பதைத்தான் நான் கவனிக்கிறேன். பெட்டியில் அழித்து எழுத வேண்டிய எண் அவர்களுக்கு இருக்கவில்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. 1959இல் பிறந்தவர். தாத்தா சீக்கிரம் போய்விட்டதால் அப்பா அனுப்பிய மணியார்டரில் படித்தவர். 1977இல் அப்பாவே அவரை பஸ் ஏற்றிப் பெங்களூருக்கு அழைத்துப் போய் ஆள் எடுக்கும் வரிசையில் நிறுத்தினார். சாப்பர் ஆனார் மாமா. காலாட்படையில் சிப்பாய் என்பதை அங்கே சாப்பர் என்பார்கள்.

ஜவானாகச் சேர்ந்தவன் அதிகாரி ஆவதற்கு ஒரு வாசல் உண்டு: ஆர்மி கேடட் காலேஜ். 1929இல் நவ்காங்கில் கிச்சனர் காலேஜ் என்ற பெயரில் தொடங்கியது. 1960இல் இப்போதைய பெயரைப் பெற்றது. மாமா பட்டாளத்தில் சேர்ந்த அதே 1977இல் டேராடூனுக்கு இடம் மாறியது. இப்படி ஒன்று இருப்பதே அப்பாவுக்குச் சரியாகத் தெரியாது. மாமாவுக்குச் சொன்னவர் யூனிட்டில் பாடம் நடத்தும் எஜுகேஷன் ஹவில்தார். தமிழ் வழியில் படித்த பையனுக்கு ஆங்கிலத்தில் ஐந்து நாள் நேர்முகத் தேர்வு என்றால் எப்படி இருக்கும்? படத்தைக் காட்டிக் கதை எழுதச் சொல்வார்கள். ஒரு சொல்லைக் காட்டி அடுத்த நொடியே வாக்கியம் எழுதச் சொல்வார்கள். கயிறும் பலகையும் கொடுத்துக் கற்பனை ஆற்றைக் கடக்கச் சொல்வார்கள். "ஆறு மட்டும் சுலபம். மூன்று வருடம் அதைத்தானே செய்துகொண்டிருந்தேன்" என்பார் மாமா. முதல் முறை திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் முறை 1981இல் எடுத்துக்கொண்டார்கள். கேடட் காலேஜில் மூன்று வருடம், கையில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகப் பட்டம். அடுத்து ராணுவ அகாடமியில் ஒரு வருடம். 1985 ஜூனில் செகண்ட் லெப்டினன்ட். வயது இருபத்தாறு.

இந்த இருபத்தாறை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த லீவில் அவர் காட்பாடியில் வந்து இறங்கியதை நான் பார்த்தேன். எனக்கு அப்போது பத்து வயது. அப்பாவும் லீவில் இருந்தார். மச்சானை அழைத்து வர வேட்டியில் போகாமல், காலையிலேயே எழுந்து யூனிபார்முக்கு இஸ்திரி போட்டு, பித்தளைக்கு பிராசோ தேய்த்துக்கொண்டு புறப்பட்டார். அப்பாவின் தோளில் இரண்டு நட்சத்திரம், கீழே சிவப்பு மஞ்சள் பட்டி. அந்தப் பட்டிதான் சுபேதாரின் அடையாளம். மாமாவின் தோளில் ஒற்றை நட்சத்திரம், பட்டி கிடையாது. இரண்டு நட்சத்திரம் ஒற்றை நட்சத்திரத்துக்கு முன்னால் விறைத்து நின்று சல்யூட் அடித்தது. நடைமேடையில் முறுக்கு விற்றுக்கொண்டிருந்தவர்கூட நின்று பார்த்தார். மாமா பதிலுக்குச் சல்யூட் அடித்தார். அடித்த கையோடு அப்பாவின் காலைத் தொடக் குனிந்தார். அப்பா சட்டென்று காலை நகர்த்திக்கொண்டார். "யூனிபார்மில் காலில் விழக் கூடாது, சாப். டேராடூனில் சொல்லிக் கொடுக்கவில்லையா?" என்றார். குரலில் கோபம் இருந்தது. நடிப்புக் கோபமா, நிஜமா என்று எனக்கு இன்றும் பிடிபடவில்லை.

வீட்டுக்கு வந்து வேட்டிக்கு மாறியதும் அப்பா, "டேய், போய் நாலு குடம் தண்ணீர் சேந்தி ஊற்று, உன் அக்காவுக்கு இடுப்பு வலி" என்றார். மாமாவும் "சரி மாமா" என்று போனார். கடைசிவரை இப்படித்தான். கேண்டீனில், ஊர்க் கூட்டத்தில், கல்யாண வரவேற்பில் 'சாப்'; வாசற்படி தாண்டி உள்ளே வந்தால் 'டேய்'. ராணுவ வழக்கப்படி இளம் அதிகாரி வயதான சுபேதாரை 'சாப்' என்றுதான் மரியாதையாக அழைக்க வேண்டும். அதனால் வெளியிடங்களில் இருவரும் ஒருவரை ஒருவர் 'சாப்' 'சாப்' என்று கூப்பிட்டுக்கொள்வதைக் கேட்டால் அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

மாமாவை அனுப்பியது ஒரு மலைநாட்டுக் காலாட்படைப் பிரிவுக்கு. ஜவான்கள் அத்தனை பேரும் வடக்கத்திக்காரர்கள். அவர்களுடைய பேச்சை, பாட்டை, தெய்வத்தை, சோற்றுக்குப் பதில் ரொட்டியைப் பழகிக்கொண்டார். 1987 அக்டோபரில் அந்தப் பட்டாலியனோடு இந்திய அமைதிப்படையில் யாழ்ப்பாணம் போனார். பட்டாலியனிலேயே தமிழ் தெரிந்த ஒரே அதிகாரி.

இதைப் பற்றி நீளமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை, ஏனென்றால் மாமா சொன்னது மிகக் குறைவு. அந்தப் போரில் ஆயிரத்து நூற்றுக்கும் மேற்பட்ட இந்தியப் படையினர் இறந்தார்கள். எத்தனை தமிழ்க் குடும்பங்கள் சிதைந்தன என்பது தனிக் கணக்கு. மாமா ஒரே ஒரு காட்சியைத்தான் சொன்னார். அதுவும் ஒரு முறை. ஒரு வீட்டைச் சோதனையிட்ட பிறகு கிணற்றடியில் தண்ணீர் கேட்டிருக்கிறார். அந்த வீட்டு அம்மா அவருடைய தமிழைக் கேட்டு எந்த ஊர் என்று விசாரித்திருக்கிறார். வேலூர் என்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மா தண்ணீர் மொண்டு கொடுத்தார். மாமா குடித்து முடித்ததும் டம்ளரை வாங்கிக் கிணற்றுச் சுவரில் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல் உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான். 1990 மார்ச்சில் கடைசிப் படைகள் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்புக்குப் போகவில்லை. மாமாவின் பட்டாலியன் அதற்கு முன்பே திரும்பியிருந்தது. அன்று டீக்கடையில் அதைப் பற்றிக் காரசாரமாகப் பேச்சு நடந்தபோது லீவில் இருந்த மாமா பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனதை நான் பார்த்தேன். யார் பக்கம் என்று கேட்கும் துணிச்சல் எனக்கு இல்லை.

அதன் பிறகு வருடங்கள் வேகமாக ஓடின. கேப்டன், மேஜர். காஷ்மீர் இரண்டு முறை, வடகிழக்கு ஒரு முறை. அத்தைக்கும் பிள்ளைகளுக்கும் வேலூரிலேயே வீடு, பள்ளிக்கூடம். 2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு எல்லைக்குப் படைகள் போனபோது மாமா ராஜஸ்தான் மணலில் பத்து மாதம் கிடந்தார். ஜெனரல் பத்மநாபன்தான் அப்போது தலைமைத் தளபதி. 'உச்சியில் ஒரு தமிழர், கூடாரத்தில் ஒரு தமிழர்' என்று அத்தைக்கு எழுதியிருந்தார். 2006இல் கர்னல் ஆனார். ஒரு பட்டாலியனின் கமாண்டிங் ஆபீசர். எண்ணூறு பேருக்கு அப்பன் மாதிரி என்பார்கள். அந்த இரண்டரை வருடத்தில்தான் அவர் முகத்தில் முழு நிறைவைப் பார்த்தேன். ஜவான்கள் சாப்பிடும் லங்கருக்குத் திடீரென்று போய், பருப்பை ஒரு கரண்டி வாயில் விட்டுப் பார்ப்பாராம். "எந்தப் பருப்பில் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள், எவன் லீவு கேட்கும்போது பொய் சொல்கிறான் என்று எனக்குத் தெரியும். இரண்டையும் நான் செய்திருக்கிறேன்" என்றார்.

கர்னலுக்கு மேலே உள்ள பதவிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லெப்டினன்ட் கர்னல்வரை இப்போது சேவைக் காலத்தைக் கணக்கிட்டே பதவி உயர்வு வந்துவிடுகிறது. 2004இல் வந்த மாற்றத்தின்படி இரண்டு வருடத்தில் கேப்டன், ஆறில் மேஜர், பதின்மூன்றில் லெப்டினன்ட் கர்னல். அதற்கு மேலே போர்டு. ஒவ்வொரு பேட்ச்சையும் மொத்தமாக எடுத்து, வருடாந்தர ரகசிய அறிக்கைகளைப் புரட்டிப் பார்த்துச் சிலரைத் தேர்ந்தெடுப்பார்கள். ஒன்பதுக்கு எத்தனை என்று மேலதிகாரிகள் போடும் மதிப்பெண்தான் அந்த அறிக்கையின் உயிர். ஒருவருக்கு மூன்று வாய்ப்பு. மூன்றிலும் பெயர் வராவிட்டால் 'சூப்பர்சீட்'. பட்டாளத்து மனைவிமார்கள் தாழ்ந்த குரலில் உச்சரிக்கும் சொல் இது.

பிரிகேடியர் போர்டு மாமாவின் பேட்ச்சுக்கு வந்தபோது அம்மா வள்ளிமலை முருகனுக்கு வேண்டிக்கொண்டார். முதல் வருடம் பெயர் வரவில்லை. இரண்டாம் வருடமும் இல்லை. மூன்றாம் முறை போன் வந்தபோது அத்தை எடுத்துக் கேட்டுவிட்டு, "முள்ளுக் கத்தரிக்காய் வாங்கி வைத்திருக்கிறேன், வரும்போது மட்டன் மட்டும் வாங்கி வாருங்கள்" என்று சொல்லி வைத்துவிட்டார். எங்களுக்கு விளங்கிவிட்டது.

அதிகாரிகளுக்கு மேல்பயிற்சி தரும் வெலிங்டன் ஸ்டாப் காலேஜின் தேர்வை மாமா எழுதிப் பார்த்தார், கிடைக்கவில்லை. மேலே போவதற்கு அது எவ்வளவு முக்கியம் என்று அவருக்குத் தெரியும். ஆகவே அநியாயம் நடந்துவிட்டது என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்கு ஆறாதது வேறு கணக்கு. கர்னலுக்கு ஐம்பத்து நான்கில் ஓய்வு, பிரிகேடியருக்கு ஐம்பத்தாறு, மேஜர் ஜெனரலுக்கு ஐம்பத்தெட்டு. பள்ளி முடித்ததும் தேசியப் பாதுகாப்பு அகாடமிக்குப் போன பையன் இருபத்தொன்று, இருபத்திரண்டில் அதிகாரியாகிறான். மாமா இருபத்தாறு. இருவரும் ஒரே நாளில் நட்சத்திரம் குத்திக்கொண்டவர்கள், ஒரே பேட்ச். ஆனால் மாமாவுக்கு 2013இல் ஐம்பத்து நான்கு முடிந்துவிட்டது. அவனுக்கு இன்னும் நான்கைந்து வருடம் இருந்தது. பிரிகேடியர் ஆகியிருந்தாலும் மாமாவுக்கு 2015வரைதான். மேஜர் ஜெனரல் போர்டு அந்த பேட்ச்சை எட்டுவதற்குள் அவர் பென்ஷன் வாங்கத் தொடங்கியிருப்பார். ஜெனரல் என்ற சொல் அவருடைய ஜாதகத்திலேயே எழுதப்படவில்லை. பருப்பின் ருசியைக் கற்றுக்கொடுத்த அந்தச் சாப்பர் வருடங்களைத்தான் ராணுவம் மறுமுனையில் கழித்துக்கொண்டது.

இதை ஒருமுறை அப்பாவிடம் கொட்டினேன். அவர் உடனே மாமா பக்கமும் பேசவில்லை, என் பக்கமும் பேசவில்லை. மலை ஏறிச் சண்டை போடும் படைக்குக் கிழவன் தலைமை தாங்க முடியாது, கார்கிலுக்குப் பிறகு கமாண்டர்களின் வயதைக் குறைக்கத்தான் அந்த மாற்றமே வந்தது, விதி சரிதான் என்றார். சற்று நேரம் வெற்றிலையை மென்றுவிட்டு, "நான் அவனை 1977இல் பெங்களூருக்கு அழைத்துப் போனேன். மேற்கொண்டு படிக்க வைத்திருந்தால் நேரே டேராடூனே போயிருப்பான். எனக்கு அப்படி ஒரு வழி இருப்பது தெரியாது" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவிடவில்லை. அப்பா 2017இல் காலமானார்.

மாமா இப்போது ஊரில்தான் இருக்கிறார். மறுபணிக்குப் போகலாம் என்றார்கள், மறுத்துவிட்டார். மாதத்துக்கு ஒருமுறை கேண்டீன், மருந்துக்கு முன்னாள் படைவீரர் மருத்துவமனை வரிசை. அங்கே முன்னால் போகச் சொன்னால் போக மாட்டார். நாயக்குகளோடு பெஞ்சில் உட்கார்ந்து எந்த ரயிலில் எந்த வருடம் ரிசர்வேஷன் இல்லாமல் போனோம் என்று பேசிக்கொண்டிருப்பார். ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ்ஸின் கழிப்பறை வாசலில் டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்து ஜம்முவரை போனதை அவர் சொல்லும் விதத்தில், அது ஏதோ மெடல் வாங்கிய கதை மாதிரி இருக்கும்.

விடியற்காலையில் ஏரிக்கரையில் பையன்கள் ஓடுகிறார்கள். ஆள் எடுப்பில் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால் முழு மதிப்பெண். 2022க்குப் பிறகு அக்னிவீர் என்று நான்கு வருடத்துக்குத்தான் எடுக்கிறார்கள், அதில் நூற்றுக்கு இருபத்தைந்து பேரைத்தான் நிரந்தரமாக்குவார்கள் என்று தெரிந்தும் ஓட்டம் நிற்கவில்லை. மாமா மப்ளர் சுற்றிக்கொண்டு ஸ்டாப்வாட்சோடு மதகின் மேல் உட்கார்ந்திருப்பார். போன மாதம் நானும் உடன் போயிருந்தேன். ஓட்டம் முடிந்து மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு பையன் வந்தான். செருப்பில்லாத கால், முழங்கால்வரை சேறு. ஜவானாகச் சேர்ந்து ஆபீசர் ஆக முடியுமா சார், உங்களைப்போல என்று கேட்டான்.

மாமா எவ்வளவு நேரத்தில் ஓடினாய் என்று கேட்கவில்லை. எந்த வகுப்பு, என்ன மார்க் என்றும் கேட்கவில்லை.

"பிறந்த தேதி என்ன?" என்றார். பையன் சொன்னான். மாமா ஸ்டாப்வாட்சை மடியில் வைத்துவிட்டு விரல்களை மடக்கி எண்ணத் தொடங்கினார்.